மரம் நடப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாட்களில் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். விஞ்ஞானப் பிரிவில் தேறிய பிள்ளைக்கு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இசட் புள்ளி எட்டவில்லை. அடுத்து எதை எழுதலாம் என்று பட்டியலைப் பார்த்தால் சுற்றாடல் விஞ்ஞானம், இயற்கை வள முகாமைத்துவம் என்று சில பெயர்கள் கிடக்கும். உடனே வீட்டில் ஒருவர் சொல்வார்: "மரம் நடுறதுக்கு நாலு வருசம் படிக்கணுமா? அதத்தானே நாங்க அன்னாடம் பேர் போட்டு செய்றோம்." பாடசாலையில் ஆசிரியர் அதையே கொஞ்சம் நாசூக்காக, வேலை கிடைக்காத படிப்பு என்பார். தொழிற்சங்க மேடையில் அது வேறு உருவம் எடுக்கும்: முதலில் காணி உரிமை, காட்டையும் சிறுத்தையையும் பிறகு பார்க்கலாம். நம் சிந்தனையாளர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றாடல் பாதுகாப்பு என்பதே கொழும்பில் வசதியாக இருப்பவர்கள் ஏழையின் விறகுக்கட்டைப் பிடுங்கக் கண்டுபிடித்த வழி என்பார்கள்.

நான்கு பேரும் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தப் படிப்பு தோட்டத்துப் பிள்ளைக்கு உரியது அல்ல. இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். மலையகத் தமிழருக்கு இன்று மிகவும் தேவையான பல்கலைக்கழகப் படிப்பு எது என்று கேட்டால், மருத்துவத்துக்குப் பக்கத்திலேயே இதை வைப்பேன். காரணம் எளிது. நாம் குடியிருக்கும் மலையின் மண்ணையும் தண்ணீரையும் மரத்தையும் பற்றி யாரோ முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். முடிவெடுக்கும் மேசையில் இந்தப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது நேற்றுத் தொடங்கியதல்ல. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காடுகளை அரசின் கைக்குக் கொண்டுவந்து, கோப்பித் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. 1869இல் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் போலப் புள்ளிகள் காணப்பட்டன. நமுனுகுலவிலிருந்து பார்த்தால் பசறைக்கு அப்பால் இருக்கும் அதே மடுல்சீமைதான். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பூஞ்சண அறிஞர் அந்த நோய்க்கிருமிக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். கேம்பிரிட்ஜில் படித்து வெளிவந்த மார்ஷல் வோர்ட் என்ற இளைஞரை 1880இல் அரசாங்கம் இங்கே வரவழைத்தது. இரண்டு வருடங்கள் ஆராய்ந்து அவர் சொன்னது இதுதான்: பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் பரவுகின்றன, காடு முழுவதையும் அழித்து மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதால் அவற்றைத் தடுக்க எதுவும் இல்லாமல் போயிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது.

ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்ட அந்த இலையைத் தினமும் கையால் தொட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர். மரத்தின் பெயர் தெரியாதவர்களா அவர்கள்? இலை கொட்டத் தொடங்கியதை முதலில் கண்டவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கண்டதை யாரும் கேட்டு எழுதியதாக நான் எங்கும் படித்ததில்லை. 1873இல் லண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை அழிக்கக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். நல்ல ஆலோசனை. நமுனுகுல உச்சி 2036 மீட்டர், ஏறத்தாழ 6680 அடி. அந்த 5000 அடிக் கோட்டின் தாக்கம் மலைநாட்டின் காட்டுக் கொள்கையில் இன்றும் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே லயன் கட்டி இருத்தப்பட்டவர்களைக் கேட்டு யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. சுற்றாடல் பாதுகாப்பு மேலிருந்து வந்தது என்று குறை சொல்பவர்கள் இந்த மட்டில் சொல்வது சரி. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தலைகீழானது. மேலிருந்து வந்தது என்பதற்காக அதை மேலே இருப்பவர்களிடமே விட்டுவிடுவதா?

வேலை பற்றிய வாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதான் மிகவும் பலவீனமானது. வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல், விவசாயத் திணைக்களம் என்று இந்தப் படிப்புக்கு நேரடியாகப் பொருந்தும் அரச நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் வெற்றிடங்கள் குறைவு, ஆட்சேர்ப்பு மெதுவாக நடக்கும். மறுக்கவில்லை. கலைப்பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் எத்தனை வருடம் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள்? வேலையற்ற பட்டதாரிகள் என்று வீதியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தவர்களா? பெருந்தோட்டக் கம்பனிகளே இன்று வெளிநாட்டுச் சந்தைக்காக ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்களைத் தேடுகின்றன. ஓடைக்கரையில் எவ்வளவு தூரத்துக்கு மருந்து அடிக்கக் கூடாது, எந்த இரசாயனத்தை எப்படிக் களஞ்சியப்படுத்த வேண்டும், தோட்ட எல்லைக்குள் என்ன விலங்கு நடமாடுகிறது என்றெல்லாம் பதிவு வைக்க அவர்களுக்கு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, ஓடை எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

"காணி முதலில், காடு பிறகு" என்ற வாதம் அப்படிச் சுலபமாகத் தள்ளக்கூடியதல்ல. அதைச் சொல்பவர்கள் நம் மக்கள்மேல் அக்கறை உள்ளவர்கள். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 1964இல் இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்துக்கொண்ட ஒரு சமூகம், இருநூறு வருடம் உழைத்த மண்ணில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கேட்பதைவிட நியாயமான கோரிக்கை இல்லை. அதனால்தான் இந்த வாதத்தில் நின்று பேச விரும்புகிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. பிரட்டுக்குப் போனவர்களும் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் தப்பினார்கள். காம்பராவில் இருந்தவர்கள் லயத்தோடு மண்ணுக்குள் போனார்கள். பலரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மலை சரியக்கூடியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை என்றால் என்ன? ஒரு புவிச்சரிதவியல் ஆய்வாளர் மலையில் ஏறி, வெடிப்புகளையும் ஊற்றுகளையும் பார்த்து, சரிவின் கோணத்தை அளந்து எழுதிய அறிக்கை. அது அலுவலகங்களுக்குப் போனது. மக்களிடம் இடம் மாறுங்கள் என்று சொல்லப்பட்டது. மாறிப் போக இடம் கொடுக்கப்படவில்லை. அறிக்கை கோப்பிலும் மக்கள் லயத்திலுமாக ஒன்பது வருடங்கள் கழிந்தன.

இங்கே காணிப் பிரச்சினை எது, சுற்றாடல் பிரச்சினை எது என்று யாராவது பிரித்துக் காட்டட்டும். அந்த அறிக்கையே காணி கேட்பதற்கான மிகப் பலமான ஆவணமாக இருந்திருக்கும். உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களின் கையில் அது இருந்ததா? அதைப் படித்து, இந்த லயத்தில் இத்தனை குடும்பத்தை அரசின் சொந்த நிறுவனமே அபாயத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது, எந்த மலையில் மாற்றுக்காணி தரப் போகிறீர்கள் என்று கம்பனியையும் பிரதேச செயலகத்தையும் எழுத்தில் கேட்க, வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போக, அந்த மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரு பட்டதாரி மலையைத் தடுத்து நிறுத்த முடியாது. ஒரு கம்பனியைக் காணி கொடுக்கவைக்கத் தனியாக முடியாது. ஆனால் அந்த அறிக்கை லயத்துக்குள் வந்து, தமிழில் வாசிக்கப்பட்டு, மாதச் சங்கக் கூட்டத்தில் பேசப்பட்டிருக்கும். இத்தனை வருடம் அது வெறும் கோப்பாக இருந்திருக்காது.

கொஸ்லந்தையிலிருந்து பெரகல, ஹல்துமுல்லை வழியாக இறங்கும் அதே ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டித்தான் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. இயற்கை வளங்கள் துறை என்றே அங்கு ஒரு துறை உண்டு. ஒரே வீதியின் மேல்முனையில் மண்ணுக்கடியில் மனிதர்கள், கீழே மண்ணைப் படிக்கும் வகுப்பறை. அந்த இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளைகள் போய்வர வேண்டிய பாதையைத்தான் "மரம் நடப் படிப்பு எதற்கு" என்ற ஒரு வாக்கியத்தால் நாம் மூடி வைத்திருக்கிறோம்.

மீரியபெத்தையோடு அது நிற்கவும் இல்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயன்கள் இடிந்தன. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. எச்சரிக்கையைத் தயாரிக்கும் இடத்தில் தமிழில் சிந்திக்கும் ஒருவர் இருந்தால் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இனி, காணி கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கென்று பேசப்பட்டுவந்த ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 177 சதுர மீட்டர். அது எந்தச் சரிவில்? மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். காணி உறுதியில் யார் கையெழுத்துப் போட்டாலும், அந்த நிலத்தில் வீடு எழும்பலாமா கூடாதா என்று சொல்வது மண் படித்த ஒருவர்தான். தேயிலைக்கு உதவாத, தண்ணீர் கசியும், அடியில் பாறை வழுக்கும் துண்டைத் தோட்ட நிர்வாகம் நீட்டும்போது, இது வேண்டாம், அந்தப் பக்கத்து மலையைத் தாருங்கள் என்று காரணத்தோடு சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறதா? காணி உரிமைப் போராட்டத்துக்கு வழக்கறிஞர் தேவை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மண் தெரிந்தவரும் தேவை என்று சொன்னால் மட்டும் ஏன் ஆடம்பரமாகத் தெரிகிறது?

சிறுத்தை விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டி, சில நாட்களில் செத்தது. நாடே கண்ணீர் விட்டது. சுருக்கு வைத்தது காட்டுப்பன்றிக்காக. மரக்கறிப் பாத்தியைக் கிண்டும் பன்றியைத் தடுக்க ஏழைக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. கொழுந்து எடுக்கும்போது சிறுத்தையால் கீறப்பட்ட பெண்களுக்காக அதே அளவு கண்ணீர் சிந்தப்படவில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பன்றி பெருகினால் தோட்டம் நாசமாகும், பன்றிக்கு வைத்த கம்பி சிறுத்தையையும் நாயையும் சில வேளை மனிதக் காலையும் பிடிக்கும் என்பது லயத்துக்குப் பின்னால் மரக்கறி நட்டவருக்குத் தெரியும். அங்கே வளர்ந்த ஒரு பிள்ளை இந்த ஆய்வைச் செய்தால் கேள்வியே வேறாக இருக்கும். சிறுத்தையை எப்படிக் காப்பாற்றுவது என்பதோடு நிற்காமல், பன்றியிலிருந்து பாத்தியை எப்படிக் காப்பாற்றுவது என்றும் அந்தப் பிள்ளை கேட்கும்.

"நாங்க பார்க்காத மண்ணா?" என்ற குரலுக்கு வருகிறேன். இதை நான் மரியாதையோடு மறுக்க வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே ஓடும் கான்களைப் பாருங்கள். மழைத்தண்ணீர் நேரே பாய்ந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாமல், மெல்ல நடந்து பெரிய கானில் சேரும்படி மிகக் குறைந்த சாய்வில் வெட்டப்பட்டவை அவை. உள்ளே இடையிடையே மண் தடுப்பு விட்டிருப்பார்கள். அதில் வண்டல் படியும், அதை வழித்து மேலே தேயிலைத் தூரில் போடுவார்கள். கானின் சாய்வு சற்றுக் கூடினால் தண்ணீர் கானையே அறுக்கும். சற்றுக் குறைந்தால் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். இந்த வேலையை நூறு வருடத்துக்கு மேல் கொந்தரப்பிலும் நாட்கூலியிலும் செய்தவர்கள் நம் ஆண்கள். 1947 வெள்ளத்துக்குப் பிறகு மண்காப்பு பற்றிய கவலை எழுந்து 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வருமுன்பே மண்வெட்டி பிடித்தவர்கள் இவர்கள்.

இப்போது பல தோட்டங்களில் ஆள் பற்றாக்குறையால் கான் வெட்டு குறைந்துவிட்டது. கான் தூர்ந்துபோன மலை எது, எங்கே தண்ணீர் வழி மாறி லயத்துக்குப் பின்னால் கசிகிறது என்று அங்குள்ள எந்தப் பெரியவரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார். பீலியில் திடீரென்று கலங்கல் தண்ணீர் வந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவு பெரிது. ஆனால் அது எண்ணாகவும் வரைபடமாகவும் மாறாதவரை எந்த அலுவலகமும் அதை எடுத்துக்கொள்ளாது. இது அநியாயம்தான், ஆனாலும் இன்றைய நடைமுறை அதுதான். பெரியவர் காட்டிய இடத்தில் நின்று, சரிவை அளந்து, மண்ணின் ஆழம் பார்த்து, ஊற்றின் ஓட்டத்தை மாதா மாதம் குறித்து, அதை அறிக்கையாக்க அவருடைய பேரனோ பேத்தியோ வர வேண்டும். வெளியாளுக்குப் பெரியவர் எல்லாவற்றையும் சொல்லவும் மாட்டார்.

இதற்கு இன்னொரு சான்று தோட்ட அலுவலகத்துக்கு வெளியே நிற்கிறது. ஒரு உலோக உருளை, மேலே புனல், உள்ளே போத்தல்: மழைமானி. காலையில் ஒருவர் அதைத் திறந்து, சேர்ந்த நீரை அளவுக் குழாயில் ஊற்றி, பதிவேட்டில் எழுதுவார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே தேயிலைத் தோட்டங்களில் இந்த வழக்கம் இருக்கிறது. கவ்வாத்து எப்போது, உரம் எப்போது, கொழுந்து எவ்வளவு வரும் என்று கணக்குப் போட அவர்களுக்கு அது தேவைப்பட்டது. அதே எண் உயிர் காக்கவும் உதவும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை விழுந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் இடத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. எத்தனை லயத்துத் தலைவர்களுக்கு இது தெரியும்? அந்தப் பழைய பதிவேடுகளை எடுத்து, எந்த வருடம் எந்த மாதத்தில் எவ்வளவு பெய்தபோது எந்த மலை அசைந்தது என்று பெரியவர்களின் ஞாபகத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனி எச்சரிக்கை அளவே கண்டுபிடிக்கலாம். இது நான்காம் வருட மாணவர் ஒருவர் செய்யக்கூடிய ஆய்வு. நமுனுகுலவின் ஒவ்வொரு தோட்டத்திலும் அது காத்திருக்கிறது.

சுற்றாடல் பேச்சால் நாம் பட்டது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் உதாரணங்கள் இரண்டு. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் அந்தத் தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்த மலைகளில் பாம்புக்கும் அட்டைக்கும் குளவிக்கும் நடுவே கொழுந்து எடுத்தவர்கள் நம் பெண்கள். பிறகு 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்து இல்லாமல் நிறை குறைந்தபோது அரைப்பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டும் சுற்றாடல் விஞ்ஞானத்தின் குற்றமல்ல. அதைக் கேட்காமல் அதன் பெயரில் எடுத்த முடிவுகளின் விளைவு. இலங்கையின் வேளாண் விஞ்ஞானிகள் பலர் ஓரிரவில் உரத்தை நிறுத்த முடியாது என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள். தேயிலை வருடம் முழுவதும் இலையாகவே அறுவடையாகும் பயிர். ஒவ்வொரு முறை கொழுந்து போகும்போதும் மண்ணின் நைதரசனும் கூடவே போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் மண்ணைக் காக்க முடியாது. சேதன உரத்துக்குப் படிப்படியாக மாறுவது எப்படி, எந்தச் சரிவில் எவ்வளவு, சவுக்கு நிழலும் கவ்வாத்துக் கழிவும் எவ்வளவு ஈடுகட்டும் என்பதெல்லாம் வருடக்கணக்கில் அளந்து அறிய வேண்டியவை. அரைகுறை அறிவோடு அடுத்த தடை வரும்போது, வேண்டாம் என்று எண்களோடு எழுந்து நிற்க நம்மிடையே படித்தவர்கள் வேண்டும் என்பதையே இந்த உதாரணங்கள் காட்டுகின்றன.

தண்ணீருக்கும் இதே கதைதான். உமாஓயாத் திட்டத்துக்காக மலைக்குள் நீண்ட சுரங்கம் குடைந்தபோது 2014 டிசம்பரில் அதனுள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர் வெடித்தது. 2017இல் மக்கள் பண்டாரவளை நகரத்தில் திரண்டார்கள். 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டுவிட்டது. மலைக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பதைக் குடைவதற்கு முன் கேட்க வேண்டும் என்ற பாடத்தை ஊவா மக்கள் வெடித்த சுவரில் படித்தார்கள். நமுனுகுலத் தொடரில்தான் மாணிக்க கங்கை பிறக்கிறது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் முழுகி எழும் நம் மக்களில் எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீர் தங்கள் தோட்டத்து மலையிலிருந்து இறங்கியது என்று தெரியும்? ஊற்றுக் கண்ணைச் சுற்றியுள்ள சிறு காடு எரிந்துபோனால், ஆடி மாதக் கச்சான் காற்றில் பத்தனைப் புல்லில் பிடித்த தீ அதுவரை ஏறினால், முதலில் வற்றுவது பீலி. கதிர்காமம் அதற்குப் பிறகுதான். அதே வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி வாசனையைக் கொடுக்கிறது; ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கிடைக்கும் அந்தச் சில வாரக் கொழுந்துக்குத் தனி விலை. காற்றும் மழையும் மாறினால் அந்த விலையும் போகும், அதை நம்பிய பேரும் போகும். காலநிலை மாற்றம் நமக்குத் தூரத்துச் செய்தி என்று சொல்பவர்கள் தங்கள் வருமானத்தை ஒரு முறை கணக்குப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழகங்களையும் விட்டுவிட முடியாது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம், நீர்வாழ் வளம், கனிய வளம் ஆகியவற்றுக்குப் பட்டப்படிப்புகள் உண்டு. அதே வீதியில் மேலே போனால் பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊவாப் பிராந்திய நிலையம். அதையும் தாண்டினால் நமுனுகுல. ஒரே பஸ் பாதையில் இவ்வளவும் இருக்கிறது. இவற்றின் வாசல் லயத்துப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்பது மிகையல்ல. தோட்டத்து மாணவர் முதல் வருடத்தில் ஆங்கிலத்தில் தடுமாறும்போது கைகொடுக்கும் ஏற்பாடு வேண்டும். களப்பயிற்சிக்கு எடுக்கும் மலைகளில் மக்கள் குடியிருக்கும் மலைகளும் இருக்க வேண்டும். ஆய்வு முடிவு அந்த மக்களுக்குத் தமிழில் திரும்பி வர வேண்டும்.

ஆனால் வாசல் திறந்திருந்தாலும் போக ஆள் வேண்டுமே. இங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் பதுளையும் அடங்குகிறது. அந்த இடங்களுக்கு விஞ்ஞானப் பிரிவில் போட்டியிட, தமிழ் மொழி மூலம் உயர்தர உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் கற்பிக்கும் பாடசாலை பிள்ளையின் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளில் அந்தப் பிரிவே இல்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, பஸ் செலவுக்குப் பயந்தோ விடுதி இல்லாமலோ பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்கிறது. பிறகு நாம்தான் இயற்கை வளத்துறையில் நம்மவர் இல்லை என்று கட்டுரை எழுதுகிறோம்.

தொழிற்சங்கங்களிடம் நேராகக் கேட்கிறேன். உங்கள் உறுப்பினரான தொழிலாளிகள் சந்தா கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, பசறை, நமுனுகுல, மடுல்சீமைப் பக்கத்துப் பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்குப் போய்வர பஸ் செலவையும் பதுளையில் தங்க ஒரு விடுதியையும் கொடுங்கள். அடுத்த சம்பளப் பேச்சில் சம்பளத்தோடு இன்னும் இரண்டு கோரிக்கைகளைச் சேருங்கள்: தோட்டத்து மழைப் பதிவேடுகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் பார்க்க அனுமதி, எந்த லயத்தைப் பற்றியும் வெளிவரும் மண்சரிவு அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்று அந்த லயத்துக்கே. இரண்டுக்கும் கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை. முடியாது என்று கம்பனி சொன்னால் அதன் காரணத்தையும், வேண்டாம் என்று சங்கம் சொன்னால் அதன் காரணத்தையும் எழுத்தில் தரட்டும். அவற்றுக்கும் பதில் எழுதுவேன்.